கொஞ்சத்தில் நிறைவாக வாழ முடியுமா? காங்கேயத்துத் தம்பி ஒருவருக்கு எழுதிய பதில்

கேள்வி இதுதான். வயது 34. காங்கேயம் பக்கத்துக் கிராமம். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் (ஆர்டர்களைக் கவனிக்கிற) வேலை. மனைவி, ஒரு பெண் குழந்தை. ஊரில் அப்பா பார்க்கிற நாலு ஏக்கர் காடு, அதாவது விவசாய நிலம். சம்பளத்தில் குடும்பம் நடக்கிறது, கடன் கிடையாது. ஆனால் கூடப் படித்தவர் சொந்தமாக ஜாப் ஒர்க் யூனிட் (கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற இடம்) போட்டுவிட்டார், பங்காளி வீட்டு வாசலில் புதுக் கார் நிற்கிறது. விசேஷத்துக்குப் போனால் "இன்னும் சம்பளத்துக்குத்தான் போறயா கண்ணு" என்று கேட்கிறார்கள். இருப்பது போதும் என்று இருந்தால் அது நிறைவா, சோம்பேறித்தனமா? கொஞ்சத்தில் சந்தோஷமாக இருக்க உண்மையிலேயே முடியுமா?

முடியும், தம்பி. அது சோம்பேறித்தனமும் இல்லை. ஆனால் "ஆசைப்படாதே, மனசை அடக்கு" என்று பெரியவர்கள் சொல்கிற வழியில் அது வந்து நான் பார்த்ததில்லை. வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தாராபுரம், வெள்ளகோவில், கோபி, பெருந்துறை என்று வேலைக்காலம் முழுக்கக் கொங்கு நாட்டுக்குள்ளேயே கழிந்தது. ஒரு வீட்டின் வாசலையும் பார்ப்பேன், அதே வீட்டின் கணக்கையும் பார்ப்பேன். நிறைவாக இருந்த குடும்பங்களில் ஆசை இல்லாத மனிதர் என்று யாரையும் பார்த்த ஞாபகம் இல்லை. எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு அளவு போட்டுக்கொண்டவர்களைத்தான் பார்த்தேன். ஒரு காலத்தில் அந்த அளவை மண்ணும் தண்ணீருமே போட்டுக் கொடுத்தன. இப்போது நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. உங்கள் சங்கடம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உங்கள் ஊர்ப்பக்கத்திலிருந்தே சொல்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே மழை மறைவில் கிடக்கிற பூமி அது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் வந்து மண்ணைக் காயவைத்துவிட்டுப் போகும். நம்பக்கூடிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான், அதுவும் பொய்த்துப்போகிற வருஷங்கள் உண்டு. இந்த மண்ணில் வெள்ளாமையை மட்டும் நம்பினால் பிழைக்க முடியாது என்று தெரிந்துதான் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலம் வைத்தார்கள். உங்கள் நாலு ஏக்கரிலும் ஒரு பாகம் கொரங்காடாக இருக்கலாம். சுற்றிலும் கிளுவைக் குச்சி நட்டு உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மழைக்குப் புல் எழும். கோடையில் புல் காய்ந்த பிறகு வெள்வேலங்காய் ஆட்டுக்கு ஆகும். காட்டைப் பாகம் பாகமாகப் பிரித்து, ஒன்றில் மேயவிட்டு மற்றதைத் தேறவிடுவார்கள். இத்தனை ஏக்கர் கொரங்காட்டுக்கு இத்தனை உருப்படிதான் தாங்கும் என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். விலை நன்றாக இருக்கிறதே என்று இன்னும் பத்து ஆடு சேர்த்து அடைத்தால் அந்த வருஷம் பணம் வரும். புல் விதை கட்டுவதற்கு முன்னாலேயே வேரோடு தின்று தீர்ந்துவிடும், அடுத்த மழைக்கு வெறும் களைப்பூண்டுதான் முளைக்கும்.

அந்தக் காட்டுக்குப் பொருத்தமான உயிர்தான் காங்கேயம் மாடு. பால் கொஞ்சம்தான் கொடுக்கும். ஆனால் காய்ந்த தீவனத்தைத் தின்றுவிட்டு வெயிலில் உழைக்கும். இதையெல்லாம் வைத்து வாழ்ந்தவர்கள் சாமியார்கள் கிடையாது. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்குப் போயிருந்தால் உங்களுக்கே தெரியும். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிற மனிதரிடம் ஒரு ரூபாய் ஏமாற்ற முடியாது. அப்படிப்பட்டவரே வீட்டுக்கு வந்தால் "கட்டுத்தரையில நிக்கிற பண்டம் பாடி போதும், இதுக்கு மேல மேய்ச்சல் பத்தாது" என்பார். விலை பேசத் தெரிவதும் போதும் என்று சொல்லத் தெரிவதும் ஒரே ஆளிடம் இருக்க முடியும்.

இதைச் சொல்வதால் அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் கோயமுத்தூர், சேலம் ஜில்லாக்களைச் சுருட்டி எடுத்தது. அதற்குப் பிறகும் வெகுகாலத்துக்குச் சோளச்சோறும் கம்மஞ்சோறும்தான் சாப்பாடு, நெல்லுச்சோறு நோம்பி, பண்டிகைக்குத்தான். நிலம் இருந்தவருக்கே இந்தக் கதி என்றால், அவர் காட்டில் பண்ணையாளாக இருந்தவரின் பாட்டை நினைத்துப் பாருங்கள். ‘அப்போதெல்லாம் எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள்’ என்று சொல்கிறவர் யாருடைய வாசலில் நின்று சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அளவு எப்படிக் கைவிட்டுப் போனது என்பதற்குக் கிணற்றின் கதையைப் பார்த்தால் போதும். கவலை ஓட்டி, அதாவது மாடு கட்டி இழுத்து, தண்ணீர் இறைத்த நாளில் மாடு களைத்தால் நிறுத்த வேண்டும், கிணற்றில் மட்டம் இறங்கினால் நிறுத்த வேண்டும். ராத்திரி முழுக்க ஊற்று ஊறினால்தான் மறுநாள் இறைப்பு. எவ்வளவு தோட்டம் வைக்கலாம் என்று கிணறே சொல்லிவிட்டது. 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் கோயமுத்தூர்ப் பக்கம் வந்தது. பஞ்சாலைகள் பெருகின, கோயமுத்தூரிலேயே பம்பும் மோட்டாரும் செய்தார்கள், நாளடைவில் கிணற்று மேட்டில் மோட்டார் ஏறியது. அதில் தப்பு எதுவும் இல்லை. கவலை ஓட்டுவது மனிதனுக்கும் மாட்டுக்கும் முதுகொடிகிற வேலை, யாரையும் அதற்குத் திரும்பப் போகச் சொல்ல எனக்கு மனசு வராது.

அப்புறம் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, வந்தது. நம் பக்கம் தரைக்கு அடியில் கடினப் பாறை. மேலே மக்கிய அடுக்கிலும், பாறையின் வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்கும். மணற்பாங்கான ஊரில் போல ஆழம் போகப் போகத் தண்ணீர் பெருகுவது இங்கே நடக்காது. ஒரு வெடிப்பில் தண்ணீர் கிடைத்தால் அது பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்கும் பொதுவான தண்ணீராக இருக்கும். அவர் 300 அடி போட்டால் இவர் 500 போடுவார். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க ஓடுகின்றன, நம் வீட்டு வாசலுக்கு வருவதற்கு எத்தனை நேரம் ஆகும்? இன்றைக்கு ஆயிரம் அடி தாண்டிப் போடுவது சாதாரணப் பேச்சாகிவிட்டது. விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால் எத்தனை ஆழத்திலிருந்து இழுத்தாலும் மாதச் செலவு கணக்கில் தெரியாது. போருக்காக நகையை வைத்தவர்கள் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் போர் தூசியாகப் பறந்தது, இரண்டாவதில் ஒன்றரை இஞ்சு தண்ணீர் வந்து ஒரே கோடையில் நின்றது, மூன்றாவதுக்கு மீண்டும் கடன் கேட்டு வந்தார்கள். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்ல முடியாது. பக்கத்துக் காட்டுக்காரர் போரை ஆழமாக்கும்போது தான் மட்டும் ஆழமாக்காமல் இருந்தால் இருக்கிற தண்ணீரும் போய்விடும் என்ற பயம் நியாயமான பயம்.

ஆனால் அந்தக் கடன்காரர்களில் மீண்டு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. அது போரின் ஆழத்தில் இல்லை, தண்ணீரை வைத்து என்ன செய்தார்கள் என்பதில் இருந்தது. தண்ணீர் வந்ததும் தோட்டம் முழுக்கத் தென்னை வைத்தவர்கள் உண்டு. தென்னை நல்ல பயிர்தான், ஆள் கூலி குறைவு, மாதாமாதம் காசு. ஆனால் வைத்துவிட்டால் வருஷம் முழுக்க, பல பத்து வருஷத்துக்கு, தண்ணீர் கொடுத்தே ஆக வேண்டும். மழை இல்லாத வருஷம் சோளம் விதைக்காமல் காட்டைச் சும்மா போட்டுவிடலாம், தென்னையிடம் ‘இந்த வருஷம் வேண்டாம்’ என்று சொல்ல முடியாது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்ததே, அந்தக் கோடையில் பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம் என்று எல்லாப் பக்கமும் காய்ந்த மட்டையோடு நின்ற தோப்புகளைப் பார்த்திருப்பீர்கள். லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கி மரத்துக்கு ஊற்றியவர்கள் எத்தனையோ பேர். அதே வருஷம் ஒரு ஏக்கர் தென்னையும், மீதியில் சோளத்தட்டும் மேய்ச்சலும் வைத்திருந்தவர்கள் கஷ்டப்பட்டார்கள், ஆனால் நிலைகுலையவில்லை.

மாதத் தவணை என்பதும் ஒரு தென்னந்தோப்புதான், தம்பி. நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதிலில் பாதி இதற்குள் இருக்கிறது. ஆசைப்பட்டு ஒரு நல்ல சட்டை வாங்குகிறீர்கள், குடும்பத்தோடு ஒரு வாரம் ஊட்டி போய் வருகிறீர்கள். அது அன்றோடு முடிந்துவிடும், கை இறுகினால் அடுத்த வருஷம் போகாமல் இருக்கலாம். கார் தவணை, பெரிய வீட்டுத் தவணை, கட்டணம் அதிகமான பள்ளிக்கூடம், கிளப் மெம்பர்ஷிப் எல்லாம் ஒவ்வொரு மாதமும் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கும். நல்ல சம்பளம் வாங்கியும் நிம்மதி இல்லாமல் இருந்தவர்களின் கணக்கைப் புரட்டிப் பார்த்தால், அவர்கள் அனுபவித்த சுகத்துக்கு ஆன செலவு பெரிதாக இருக்காது. நிறுத்த முடியாத செலவுதான் பெரிதாக இருக்கும். ஒருவர் வாழ்க்கை கனமாகிப்போனதா என்று பார்க்க, அவரிடம் என்னென்ன இருக்கிறது என்று நான் எண்ணுவதில்லை. எதையெல்லாம் அவரால் நாளைக்கு நிறுத்த முடியும் என்றுதான் கேட்பேன். வள்ளுவர் "ஆகாறு அளவிட்டி தாயினும் கேடில்லை போகாறு அகலாக் கடை" என்றது இந்தக் கணக்கைத்தான். வரும்படி சிறிதாக இருந்தாலும் கெடுதல் இல்லை, செலவின் வழி அதைவிட அகலமாகிவிடக் கூடாது என்கிறார். அதிகம் சம்பாதிக்காதே என்று அந்தக் குறள் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மீதிப் பாதி, ஒரம்பரைகளும் (உறவுக்காரர்களும்) பங்காளிகளும். இது உங்களை உள்ளே அறுக்கிற விஷயம் என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது.

நம் ஊரில் கௌரவம் என்பது சின்ன விஷயம் கிடையாது. ஆனால் கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அருமைக்காரர் நடத்திவைக்கிற சீரும், கூடப்பிறந்தவள் செய்கிற இணைச்சீரும், மங்கல வாழ்த்தும்தான் இங்கே பல குடும்பங்களில் கல்யாணத்தின் உயிர். அதற்கெல்லாம் ஆகிற செலவு அன்றைக்கும் சொற்பம், இன்றைக்கும் சொற்பம். மண்டபம், மேடை அலங்காரம், டிரோன் கேமரா, இலையில் எண்ணி முடியாத பதார்த்தங்கள், இவைதான் வீட்டை அடமானத்துக்கு அனுப்புகின்றன. இவற்றில் எதுவும் சீர் கேட்டதில்லை. வந்தவர்கள் பார்ப்பார்களே என்றுதான் செய்கிறோம். வந்தவர்களோ அடுத்த முகூர்த்தத்துக்குள் மறந்துவிடுகிறார்கள்.

வாசலில் நிற்கிற கார் ஊருக்குத் தெரியும், அதன் பின்னால் இருக்கிற கடன் வங்கிக்கும் அந்த வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் நகையை மீட்டு, கல்யாணம் முடிந்த வாரமே திரும்பக் கொண்டுவந்து வைக்கிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். யாரையும் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை, அவர்களும் பாவம் அதே கேள்விக்குப் பயந்துதான் செய்கிறார்கள். உங்கள் பங்காளி அப்படிப்பட்டவர் என்றும் நான் சொல்லவில்லை, அவர் உண்மையிலேயே நன்றாகச் சம்பாதிக்கலாம். நீங்கள் ஒப்பிட்டுக்கொண்டிருப்பது உங்கள் முழுக் கணக்கையும் அவருடைய பாதிக் கணக்கையும். அந்த ஒப்பீட்டில் நீங்கள் எப்போதும் தோற்பீர்கள்.

வேறொன்றும் உண்டு. 1978-ல் அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர்கள் மூன்று பேர், இல்லினாய் மாநில லாட்டரியில் பெரிய பரிசு வென்ற 22 பேரிடம் பேசினார்கள். பரிசு விழாத சாதாரண ஆட்களைவிட அவர்கள் அப்படியொன்றும் அதிக மகிழ்ச்சியாக இல்லை. நண்பரோடு பேசுவது, காலைச் சாப்பாடு, ஒரு நல்ல ஜோக் கேட்பது மாதிரியான தினசரி விஷயங்களில் கிடைக்கிற சந்தோஷம் அவர்களுக்குக் குறைந்துபோயிருந்தது. சிறிய ஆய்வு, இதை வைத்துப் பணம் மகிழ்ச்சி தராது என்று முடிவு கட்டுவது சரியில்லை. பணம் இல்லாத கஷ்டம் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சின்ன சந்தோஷங்கள் மங்கிப்போகிற அந்த விஷயத்தை நான் நம் ஊரிலும் பார்த்திருக்கிறேன். பொழுதோடு வீட்டுக்கு வந்து சூடான அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் ஊற்றி, குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டபடி சாப்பிடுகிற நேரம் உங்களுக்கு இன்றைக்கும் ருசிக்கிறதா? ருசிக்கிறது என்றால் உங்களிடம் இருப்பது சின்ன சொத்து இல்லை. ஃபோனைப் பார்த்துக்கொண்டே விழுங்குகிறீர்கள் என்றால் யோசிக்க வேண்டியதுதான்.

குறையில்லாமல் இருந்தவர்களே பக்கத்து வீட்டைப் பார்த்து விழுந்ததற்குப் பெருந்துறைப் பக்கத்து ஈமு கோழி விவகாரம் ஒன்று போதும். பணம் கட்டினால் குஞ்சு தருவோம், கொட்டகையும் தீவனமும் தருவோம், மாதாமாதம் பராமரிப்புத் தொகை, முடிவில் கட்டிய பணமும் திரும்ப வரும் என்றார்கள். முதலில் சேர்ந்தவர்களுக்குப் பணம் வந்தது, அதைப் பார்த்து மற்றவர்கள் சேர்ந்தார்கள். 2012-ல் எல்லாம் சரிந்தது. ஓய்வூதியப் பணத்தையும் நிலம் விற்ற பணத்தையும் போட்டவர்கள் அதில் இருந்தார்கள். அந்தப் பறவையின் கறியையும் எண்ணெயையும் யார் வாங்குகிறார்கள், எந்தச் சந்தையில் விற்கிறது என்று கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். சோளத்துக்குச் சந்தை விலை விசாரிக்காமல் மூட்டையை இறக்காத மனிதர்கள் இதைக் கேட்கவில்லை.

ஊரே சேர்ந்து அளவைத் தவறவிடுவதும் உண்டு. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயமுத்தூர், திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேர்கிற ஆறு. பனியன் தொழில் வளர்ந்தபோது சாயக்கழிவு அதில் இறங்கியது. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, கழிவுநீர் தேங்கி நிற்கிற இடமாகியது. கீழே இருந்த காடுகளில் கிணற்றுத் தண்ணீர் பயிருக்கும் ஆகவில்லை, மாட்டுக்கும் ஆகவில்லை. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஏற்பாடு செய்த பிறகுதான் திரும்பத் திறக்க முடிந்தது. அந்தத் தொழிலில்தான் நீங்களும் சாப்பிடுகிறீர்கள், தெற்கத்தி மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகாரிலிருந்தும் வந்த லட்சக்கணக்கானவர்களும் சாப்பிடுகிறார்கள். வளர்ந்தது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். ஆறு எவ்வளவு தாங்கும் என்று தொழிலே முன்னால் கேட்டிருந்தால், கோர்ட் வந்து சொல்ல வேண்டியிருக்காது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். போதும் என்ற சொல் நமக்கு நாமே சொல்லிக்கொள்வதற்கு மட்டுமே. அடுத்தவருக்குச் சொன்னால், அதிலும் நம்மிடம் கூலி வாங்குகிறவருக்குச் சொன்னால், அது அநியாயம். சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டு 2022-லும் 2025-லும் தறியை நிறுத்தினார்கள். மின்சாரம், வாடகை எல்லாம் ஏறி, கூலி மட்டும் ஏறாதபோது அவர்கள் கேட்டது பேராசை ஆகுமா? சுமங்கலித் திட்டம் என்று நல்ல பேர் வைத்து, கல்யாணத்துக்குப் பணம் சேரும் என்று சொல்லி, சின்னப் பெண்களை ஸ்பின்னிங் மில் விடுதிகளில் அடைத்து வேலை வாங்கிய கதை நம் மண்ணில்தான் நடந்தது. அந்தப் பெண்களிடம் போய்ப் பொறுமையும் நிறைவும் பேசியவர்களை என்னால் மன்னிக்க முடியாது. வயிற்றுக்குப் போதாமல் இருப்பவருக்கு இன்னும் வேண்டும் என்பது உரிமை. உங்கள் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர் கூலி பேச வரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சோம்பேறித்தனமா என்று கேட்டீர்களே. காலிங்கராயன் வாய்க்காலைப் பார்த்திருப்பீர்கள். 13-ஆம் நூற்றாண்டில் பவானியில் அணை கட்டி, சுமார் 90 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டி, கொடுமுடிப் பக்கம் வரை தண்ணீர் கொண்டுபோனார் காலிங்கராயன். தன் நிலத்துக்குத் தண்ணீர் பாயவே இதைச் செய்கிறார் என்று உறவினர்கள் பேசியதாகவும், அதைக் கேட்டு ‘நானும் என் வம்சமும் இந்தத் தண்ணீரைத் தொட மாட்டோம்’ என்று சத்தியம் செய்துவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கத்து ஊத்துக்குளிக்குக் குடிபோனதாகவும் ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். வரலாறு எவ்வளவு, கதை எவ்வளவு என்பதை விட்டுவிடுங்கள். இப்படி ஒரு கதையை இத்தனை தலைமுறையாகப் போற்றிச் சொல்கிற ஊர், பெரிய வேலை செய்வதையும் தனக்கென்று கொஞ்சமாக வைத்துக்கொள்வதையும் ஒன்றுக்கொன்று எதிரியாக நினைக்கவில்லை. உங்கள் வேலையில் நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் உயரலாம். உயர்ந்த பிறகு எவ்வளவு எடுத்துக்கொண்டால் போதும் என்பதுதான் தனிக் கேள்வி.

இனி உங்கள் விஷயத்துக்கு நேராக வருகிறேன்.

முதலில் மனைவியோடு உட்கார்ந்து மாதச் செலவை எழுதுங்கள். எது நிறுத்த முடிந்த செலவு, எது முடியாத செலவு என்று பிரித்து எழுதுங்கள். முடியாத செலவுக்கு ஒரு உச்சவரம்பு போட்டுக்கொள்ளுங்கள். சம்பளம் ஏறுவதற்கு முன்னாலேயே போட வேண்டும், ஏறிய பிறகு யாராலும் போட முடியாது. ஆறு மாதச் செலவுக்கான பணம் கையில் இருக்கட்டும். குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும், உங்கள் பேரில் ஆயுள் காப்பீடும் இல்லையென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைச் செய்யுங்கள். கொஞ்சத்தில் வாழ்கிற குடும்பத்தை ஒரே வாரத்தில் உடைக்கக்கூடியது ஆஸ்பத்திரிச் செலவுதான். அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போதும் என்று சொல்வது நிறைவு ஆகாது.

யூனிட் போடுவதைப் பற்றி. உங்களுக்குத் துணியும் தையலும் பிடித்து, ஆட்களை வைத்து வேலை வாங்குவது பிடித்திருந்தால் போடுங்கள், தாராளமாக. ஆனால் நாலு மெஷினோடு, கைக்காசில், வாடகைக் கட்டடத்தில் ஆரம்பியுங்கள். ஜாப் ஒர்க்கில் பணம் கைக்கு வர எவ்வளவு நாள் இழுக்கும் என்று கம்பெனிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது ஆர்டர்கள் எப்படி நின்றன என்பதையும் உங்கள் சீட்டிலிருந்தே பார்த்திருப்பீர்கள். மெஷின் தவணை அந்த மாதமும் வந்தது. பங்காளிகளுக்குப் பதில் சொல்வதற்காக யூனிட் போடுவதாக இருந்தால், ஊரில் ஒருத்தருக்கும் தெரியாமல் நடத்த வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள். அப்போதும் போடத் தோன்றினால் அது உங்கள் ஆசை.

குழந்தையின் படிப்புதான் இதில் கடினமானது. தனக்குப் போதும் என்று சொல்ல முடிந்த அப்பா அம்மாக்களும் குழந்தைக்குப் போதும் என்று சொல்லத் தயங்குவார்கள், எனக்கு அது புரிகிறது. நாமக்கல், ஈரோடு பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பிப் பெரிய மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளும் உண்டு, சிறு வயதிலேயே வாடிப்போன பிள்ளைகளும் உண்டு. என் கருத்தைக் கேட்டால், நடந்தோ ஒரு பஸ்ஸிலோ போய்வரக்கூடிய பள்ளி, சாயங்காலம் உங்களில் ஒருவர் கூட உட்கார்ந்து படிக்க நேரம், இரண்டும் கிடைத்தால் அதற்கு மேல் தவணை கட்டி வாங்குகிற படிப்பு வேண்டியதில்லை. இதில் வேறு அபிப்பிராயம் உள்ளவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

விசேஷத்தில் கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது? "ஆமாங்க, சம்பளத்துக்குத்தானுங்க போறேன், நல்லா இருக்கேனுங்க" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போங்கள். காரணம் அடுக்க ஆரம்பித்தால் அடுத்த விசேஷத்திலும் அதே கேள்வி வரும். அவர்களிடம் கோபப்படவும் வேண்டாம். பாதிப் பேருக்கு அது நலம் விசாரிக்கிற பழக்கம், அவ்வளவுதான்.

கடைசியாக அந்த நாலு ஏக்கர். விற்காதீர்கள். வருமானம் பெரிதாக இல்லை என்று யாராவது சொன்னால் அவர்கள் சொல்வது சரிதான், ஆனாலும் விற்காதீர்கள். கடன் வாங்கிப் புதிதாகப் போர் போட்டு முழுக்கத் தென்னை வைக்கிற யோசனை அப்பாவுக்கு இருந்தால், ஒரு ஏக்கரோடு நிறுத்தச் சொல்லிப் பேசிப் பாருங்கள். கிளுவை வேலி விட்டுப்போன இடங்களில் மழைக்கு முன்னால் குச்சி நடுங்கள். ஞாயிற்றுக்கிழமை குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய் அவள் அப்பாருவோடு (தாத்தாவோடு) ஒரு நாள் விட்டுவிட்டு வாங்க. இந்தக் காட்டுக்கு எத்தனை உருப்படி தாங்கும் என்று அவர் எப்படிக் கணக்குப் போடுகிறார் என்பதை நீங்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் கணக்கு எங்கேயும் எழுதி இருக்காது, அவரிடம்தான் இருக்கும்.